எழுபத்தெட்டு சென்டிமீட்டர்

சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் மெஷின் வாங்கும்போது செய்கிற முதல் தப்பு, குதிரைசக்தியைப் பார்ப்பது. முதலில் பார்க்க வேண்டியது வாசல் கேட். அதன் அகலம் எவ்வளவு, அதன் வழியாக மெஷின் உள்ளே போகுமா, திரும்பி வருமா. உள்ளே போகாத மெஷினுக்கு நூறு குதிரைசக்தி இருந்து என்ன பிரயோஜனம்? தெருவில் நின்று உறுமிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்கள். பரவாயில்லை சார், நிறையப் பேர் சிரித்திருக்கிறார்கள். யாரும் கூப்பிடாமல் நானாக ஏன் இங்கே வந்தேன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்ல வேண்டுமானால் கேட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உங்கள் மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிற அந்தக் காகிதம் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். நான் பேசி முடித்ததும் பார்க்கிறேன். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்பது என் பழக்கம்.

எங்கள் தொழில் மரம் வெட்டுவது. எங்கள் என்றால் நானும் என் மச்சினனும், அதாவது என் மனைவியின் தம்பி. மரத்தில் ஏறி வெட்டுவது அவன். எங்கே வெட்டுவது, எந்தப் பக்கம் சாய்ப்பது, எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்து சொல்வது நான். கீழே கயிறு பிடிக்க ஒரு பெரியவர் இருக்கிறார், இருபது வருஷமாகக் கயிறுதான் அவர் வேலை என்பதால் அவரைக் கயிறுக்காரர் என்றே கூப்பிடுவோம். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. சட்டைப் பையில் எப்போதும் அளவு டேப் வைத்திருப்பதால் மச்சினன் வைத்த பெயர். டேப்பு. வாடிக்கையாளர்கள் முன்னாலேயே "டேப்பு மாமா" என்பான். மாமாவும் ஒட்டியிருக்கிறதே என்று நான் பொறுத்துக்கொண்டேன்.

மரத்தை வெட்டிச் சாய்த்தால் வேலை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். முடியாது. அடிக்கட்டை மண்ணுக்குள் வேரை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுக்காரர் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்து, "இதை யாரு எடுப்பா?" என்று கேட்பார். பன்னிரண்டு வருஷம் அதைக் கடப்பாரையாலும் கோடாரியாலும் எடுத்தோம். மரத்துக்கு அரை நாள், கட்டைக்கு இரண்டு நாள். கடைசியில் என் மனைவிதான் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள், "ரெண்டு பேரும் இப்படி முதுகு ஒடிஞ்சு வர்றதுக்கு, ஒரு மெஷினை வாங்கித் தொலைங்களேன்."

அப்படித்தான் கட்டை அரைக்கும் மெஷின் தேட ஆரம்பித்தேன். அதில் பல் வைத்த இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். அது சுற்றிக்கொண்டே கட்டையின் மேல் இறங்கி, இப்படியும் அப்படியும் போய், தரைக்குக் கீழே ஒரு சாண் வரைக்கும் மரத்தைத் தூளாக்கிவிடும். தூளை அள்ளி, மண் போட்டு மூடினால் அங்கே மரம் இருந்த அடையாளமே இருக்காது. வேலை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

நான்கு மாதம் தேடினேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். நாங்கள் அதுவரை வேலை செய்த வீடுகள் ஒவ்வொன்றுக்கும் மறுபடி போய் கேட்டை அளந்தேன். அறுபத்து மூன்று வீடுகள். இரண்டு இடத்தில் நாய் துரத்தியது. ஒரு வீட்டில் திருடன் என்று நினைத்து மாடியிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். நனைந்த பக்கத்தை வெயிலில் காயவைத்து, மேலும் அளந்தேன். அறுபத்து மூன்றில் நாற்பத்தொரு கேட் தொண்ணூறு சென்டிமீட்டருக்கும் குறைவு. அன்றே முடிவு செய்துவிட்டேன், மெஷினின் அகலம் எண்பதைத் தாண்டக் கூடாது.

பெட்ரோலா டீசலா என்பது அடுத்தது. பெட்ரோல் மெஷின் லேசானது, சத்தமும் குறைவு. ஆனால் பெரிய வேரில் பல் இறங்கும்போது மூச்சு வாங்கும், நடுவில் நின்றுவிடும். டீசல் நிதானமாகப் பேசும், ஆனால் ஆரம்பித்த பேச்சை விடாது. எங்கள் வேனும் டீசல், ஒரே கேனில் இரண்டுக்கும் எண்ணெய் எடுத்துப் போகலாம். கனம் அதிகம்தான். அதற்காக டயர் வைத்ததை விட்டுவிட்டு, டாங்கிக்கு இருப்பதுபோல ரப்பர் பட்டையில் ஊர்ந்து போகிற வகையாகப் பார்த்தேன். ஈர மண்ணில் அமுங்காது, புல்தரையில் தழும்பு போடாது. சின்ன டீசல், ரப்பர் பட்டை, எழுபத்தெட்டு சென்டிமீட்டர் அகலம். இப்படி ஒன்று இருக்குமா என்று மூன்று மாதம் தேடி, இருக்கிறது என்று கண்டுபிடித்தபோது, சார், எனக்குப் பெண் பார்த்து முடிவானபோதுகூட அவ்வளவு நிம்மதி இல்லை.

மச்சினனுக்கு வேறு ஒன்று பிடித்திருந்தது. மஞ்சள் நிறம், பெரியது, கையில் ரிமோட் வைத்துத் தள்ளி நின்று ஓட்டுவது. அகலம் நூற்றுப்பத்து.

"நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டே ஓட்டலாம் மாமா. டிவி சேனல் மாத்துற மாதிரி."

"கேட்டுக்குள்ள நுழையாது."

"கேட்டக் கழட்டிருவோம்."

"கழட்டி?"

"மாட்டிருவோம். கேட்டுதான மாமா, கிட்னியா?"

இப்படித்தான் பேசுவான். இது வாதம் இல்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு வந்த பிறகு என் நாற்பத்தொரு கேட்டை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

இரண்டையும் ஓட்டிப் பார்க்க விற்பனைக் கூடத்துக்குப் போனோம். கொளுத்துகிற வெயிலிலும் டை கட்டியிருந்த ஒருவர் வந்து காட்டினார். கேள்விகள் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். பதினேழாவது கேள்வி இது: ஓட்டுகிறவன் கையை எடுத்துவிட்டால் சக்கரம் நிற்குமா?

"நிக்கும் சார். கைப்பிடில இருக்கிற லிவரை விட்ட உடனே இன்ஜின்லேர்ந்து சக்கரம் தனியாப் பிரிஞ்சிடும். அதுக்கப்புறம் ஏழே செகண்டு."

"ஏழா, எட்டா?"

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல என்ன மாமா பண்ணப் போறீங்க, ஊருக்குப் போய்ட்டு வரப் போறீங்களா?"

டைக்காரர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் என் கைக்கடிகாரத்தில் மூன்று முறை பார்த்தேன். எனக்கு எட்டு வந்தது. நோட்டில் எட்டு என்றே எழுதினேன்.

கடைசியில் என் மெஷினைத்தான் வாங்கினோம். என் மனைவி சொன்னதால் வாங்கினோம். "அவரு அளந்தா சரியாத்தான்டா இருக்கும்" என்று தம்பியிடம் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அது கிட்டத்தட்டத் தீர்ப்பு. பிரிட்ஜ் வாங்கியதும், கட்டில் வாங்கியதும், மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்ததும் நான்தான். ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. கட்டில் மட்டும் கதவுக்குள் நுழையாமல் கதவை அறுக்க வேண்டி வந்தது. அது கதவின் தப்பு. அதற்குப் பிறகுதான் டேப் வாங்கினேன்.

டைக்காரர் மெஷினைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார். முப்பது நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் மெஷினைத் திருப்பித் தரலாம், வேறு மாடல் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இன்று நாம் இரண்டு பேரும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

மச்சினன் அதைப் பிடித்துக்கொண்டான். முதல் நாளே மெஷினுக்குப் பெயர் வைத்தான். குட்டி எருமை. காலையில் வேனில் ஏற்றும்போது அதன் மூக்கைத் தட்டி, "என்ன எருமை, நல்லாத் தூங்குனியா?" என்பான். வேலை இடத்தில் வீட்டுக்காரர்களிடம், "எங்க மாமா பெரிய மனசு பண்ணி வாங்கிக் குடுத்த பொம்மை சார் இது, முப்பது நாளுக்குள்ள திருப்பிக் குடுத்துருவோம்" என்பான். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வேனின் கண்ணாடியில் ஈரத்தூசி மேல் விரலால் எழுதுவான். இன்னும் இருபத்திரண்டு. இன்னும் இருபத்தொன்று. கயிறுக்காரர் அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிப்பார். நான் துணி எடுத்துத் துடைப்பேன்.

மெஷின் எப்படி வேலை செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. அருமையாக வேலை செய்தது. முதல் மூன்று வாரத்தில் முப்பத்தொரு கட்டை. ஒரு கேட்டில்கூட உரசவில்லை. இதை மச்சினன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வாய் திறந்து சொல்லியிருக்கலாம். "நீங்க சொன்னது சரிதான் மாமா." ஐந்து வினாடிகூட ஆகாது. நான் காத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, எங்கள் ஷெட்டில் மாட்டியிருக்கிற காலண்டரில் வெள்ளிக்கிழமையைச் சுற்றி அவன் வட்டம் போட்டிருந்தான். பக்கத்தில் டைக்காரரின் போன் நம்பர். வெள்ளிக்கிழமை இருபத்தேழாவது நாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான், "வெள்ளிக்கிழமை டைக்காரரு லாரியோட வர்றாரு மாமா. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாக்கணும் நான்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? லாரி வருகிறது. முப்பது நாள் இன்னும் முடியவில்லை. மூஞ்சியைப் பார்க்க வேண்டுமாம்.

நான் கோபக்காரன் இல்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வேனின் பின்பக்கம் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் மச்சினன். இரண்டில் ஒன்றுதான் தங்க முடியும் என்றால் எது என்று நிதானமாகப் பார்த்துவிடலாமே. மெஷின் வாங்கும்போது பார்த்த அதே அம்சங்களைத்தான் பார்த்தேன், யாருக்கும் பாரபட்சம் கூடாது. காலையில் எழுந்திருப்பது: மெஷின் ஒரு திருகலில் கிளம்பும், மச்சினனை அவன் அக்கா மூன்று தடவை கூப்பிட வேண்டும். சத்தம்: மெஷினுக்குக் காது மூடி போட்டுக்கொண்டால் போதும். எண்ணெய்ச் செலவில் இரண்டு பேரும் கிட்டத்தட்டச் சமம், அவன் சாப்பாட்டை வைத்துச் சொல்கிறேன். தேய்மானம் என்று பார்த்தால், அவனுக்கு வலது தோள் ஒரு தடவை இறங்கி ஏறியிருந்தது, மாற்றுப் பாகம் கிடைக்காது. சொன்ன பேச்சைக் கேட்பதில் ஒப்பிடவே முடியாது. அவன் பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் மெஷினைவிட மேலாக இருந்தது: மரம் ஏறுவான். அதற்கு ஆள் கிடைக்கும் என்று பக்கத்தில் எழுதினேன்.

அந்த நோட்டுப் புத்தகம் வேனில் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக்கு முந்தின பக்கம்.

இப்போது எங்கள் கம்பெனியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வயதான மரங்கள் இரும்பைத் தின்னும். யாரோ என்றைக்கோ அடித்த ஆணி, துணி காயப்போடக் கட்டிய கம்பி, எதுவாக இருந்தாலும் மரம் மெல்ல மெல்ல வளர்ந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். வெளியே தெரியாது. சுற்றுகிற சக்கரத்தின் பல் அதில் பட்டால் இரும்புத் துண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி கிளம்பும். அதனால் கட்டையை அரைப்பதற்கு முன் நான் இரும்பு தேடும் கருவியை வைத்துப் பார்த்து, வீட்டுக்காரர்களிடம் விசாரித்து, கட்டையின் தலையில் பெயின்ட்டால் குறி போடுவேன். உள்ளே இரும்பு இருந்தால் சிவப்பில் பெருக்கல் குறி. இல்லையென்றால் வெள்ளை வட்டம். குறி போட்டவன்தான் பொறுப்பு, ஓட்டுகிறவன் திரும்பக் கேட்கக் கூடாது. இது நான் போட்ட சட்டம். என்னுடைய மற்ற எல்லாச் சட்டத்தையும் கிண்டல் செய்த மச்சினன் இதை மட்டும் ஒரு நாளும் கிண்டல் செய்ததில்லை. புது ஆட்களிடம் சொல்வான், "மாமா வட்டம் போட்டுட்டாரா, கண்ண மூடிக்கிட்டு எறக்கு."

வியாழக்கிழமை வேலை, ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் வீட்டில். பின்பக்கம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தை முந்தின வாரம் வெட்டியிருந்தோம், கட்டை பாக்கி. அளக்கப் போனபோதே டீச்சரம்மா சொல்லியிருந்தார்கள், பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது அந்த மரத்தின் அடியில் ஒரு கன்றுக்குட்டியைச் சங்கிலியில் கட்டியிருந்தார்களாம். சங்கிலியைக் கழற்றாமல் விட்டு, முப்பது வருஷத்தில் மரம் அதை முழுசாக விழுங்கிவிட்டது. "பாத்து வெட்டுங்கப்பா" என்றார்கள். என்னிடம் மட்டும் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போய்க் கருவியை வைத்தபோதும் சங்கிலி இருக்கிற இடத்தில் அழுதது. வலது பக்கம், ஓட்டுகிறவன் நிற்கிற பக்கம்.

வெள்ளை வட்டம் போட்டேன். நல்ல வட்டம்.

அடுத்தது திரை. சக்கரத்தைச் சுற்றித் தடித்த ரப்பர் திரை தொங்கும், எது தெறித்தாலும் அதில் பட்டு விழுந்துவிடும். புதன்கிழமை மதியம் ஷெட்டில் மெஷினைக் கழுவுகிற சாக்கில் வலது பக்கத் திரையைக் கழற்றினேன். இந்த இடத்தைத் தயவுசெய்து சரியாக எழுதுங்கள். அந்தத் திரை நான்கு போல்ட்டில் நிற்கிறது. இரண்டு ஸ்பேனர் போட்டு, முழங்காலால் முட்டுக் கொடுத்து, நான்கையும் கழற்ற எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. இதோ, கட்டைவிரலில் தோல் பிய்ந்த இடம் இன்னும் ஆறவில்லை. அது தானாகக் கழன்று விழுகிற திரை இல்லை சார்.

வியாழக்கிழமை காலை நல்ல வெளிச்சம். டீச்சரம்மா கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள், அதைப் பார்த்துத்தான் அந்த நாளைச் சொல்லியிருந்தேன். அவர்கள் வீட்டுப் பக்கவாட்டுக் கேட் எண்பத்து மூன்று சென்டிமீட்டர். மெஷின் உள்ளே போனது. இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, பட்டுத் துணியில் ஊசி போவதுபோலப் போனது. மஞ்சள் மெஷினாக இருந்தால் தெருவிலேயே நின்றிருக்கும். மச்சினனும் பார்த்தான். ஏதாவது சொல்வானா என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருந்தால்கூட நான் போய் அந்த வட்டத்தை அழித்திருப்பேன். நிச்சயமாக அழித்திருப்பேன்.

அவன் மெஷினைத் தட்டி, "எருமைக்கு டயட் ஒத்துக்கிச்சு மாமா" என்றான்.

கயிறுக்காரரைத் தெருவில் கேட்டுக்குக் காவல் நிற்கச் சொன்னேன். மச்சினன் கட்டையைச் சுற்றி வந்தான். வலது பக்கம் வந்தவன் குனிந்து பார்த்தான்.

"திரை எங்க மாமா?"

"கிழிஞ்சிருந்துச்சு. தைக்கக் குடுத்திருக்கேன். ஒரே கட்டைதான, பாத்துக்கலாம்."

அவன் கட்டையைப் பார்த்தான். வெள்ளை வட்டத்தைப் பார்த்தான். "நீங்களே வட்டம் போட்டுட்டீங்க, அப்புறம் திரை எதுக்கு" என்று சொல்லிவிட்டு மெஷினைக் கிளப்பினான்.

வேலை நடக்கும்போது மற்றவர்கள் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. நான் பதினாறு மீட்டரில், டீச்சரம்மாவின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். டேப் வைத்து அளந்தேன்.

முதல் ஐந்து நிமிஷம் தூள் பறந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தம், பாத்திரக்கடையில் அலமாரி சாய்ந்ததுபோல. மச்சினனின் கை கைப்பிடியை விட்டது. அவன் பின்பக்கமாக உட்கார்ந்தான், யாரோ உட்காரச் சொன்னதுபோல. பிறகு சாய்ந்தான். சங்கிலியின் ஒரு கண்ணி, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே. டாக்டர் எழுதியதில் இருக்கும், நான் அதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை.

நான் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை எடுத்ததிலிருந்து சக்கரம் நிற்கும்வரை ஏழு வினாடி. சரியாக ஏழு. கூடத்தில் நான் எட்டு என்று எழுதியது என் தப்பு. டைக்காரர் சொன்னதுதான் சரி. அநியாயமாக அவரைச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஓடினேன். சக்கரம் சுற்றும்போது கிட்டப் போகக் கூடாது என்பதும் கையேட்டில் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது. கயிறுக்காரர் தன் துண்டை அவன் கழுத்தில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார், விடுங்கள் என்று சொன்ன பிறகும் விடவில்லை. எல்லோரும் விபத்து என்றார்கள். சங்கிலி உள்ளே இருந்ததை யார் கண்டார்கள் என்றார்கள். டீச்சரம்மா "உங்க ஆளுங்ககிட்ட சொன்னேனே" என்று அழுதபோது, யாரிடம் சொன்னீர்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் வரையில் விஷயம் முடிந்துவிட்டது. மெஷின் ஷெட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை லாரி வரவில்லை, டைக்காரர் மாலையோடு வந்து நின்றுவிட்டுப் போனார்.

அப்புறம் பத்து நாள் கழித்து அந்த அறிக்கை வந்தது.

தொழிலாளர் பாதுகாப்பு ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து மெஷினைச் சுற்றி இரண்டு தடவை நடந்து, நான்கு போட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தார். ஒரு டேப்கூட அவரிடம் இல்லை. இரண்டு பக்கம் எழுதியிருந்தார். 'திரையைத் தாங்கும் பாகங்கள் பலவீனமானவை, அதிர்வில் கழன்றிருக்கக்கூடும். இந்த வகைச் சிறிய டீசல் இயந்திரம் இத்தகைய பணிக்குப் பொருத்தமற்றது. தேர்வு முறையாகச் செய்யப்படவில்லை.'

தேர்வு முறையாகச் செய்யப்படவில்லை. அறுபத்து மூன்று கேட் சார்.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. தம்பியை நினைத்து நான் உருகுகிறேன் என்று என் மனைவி நினைத்தாள். நான்காம் நாள் காலை, அடுப்படியில் நின்றுகொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள், "நாலு மாசம் தேடித் தேடி வாங்குனீங்க. அந்த மெஷின்தான் என் தம்பிய முழுங்கிருச்சு. நீங்க அளந்தா சரியா இருக்கும்னு நான்தான சொன்னேன். அவன் அப்பவே வேணாம்னான்."

அவள் அழுததை நான் தாங்கியிருப்பேன். அவன் அப்பவே வேணாம்னான் என்பதை எப்படித் தாங்குவது?

"மெஷின் மேல பழி போடாத" என்றேன்.

"பின்ன யார் மேல போட?"

நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். திரையைப் பற்றிச் சொன்னேன், நான்கு போல்ட், இருபத்தைந்து நிமிஷம். வட்டத்தைப் பற்றிச் சொன்னேன். மெஷின் தன் வேலையை முழுசாகச் செய்தது, ஏழு வினாடியில் நின்றது என்று சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். என் கையை, இந்தக் கட்டைவிரலை, ரொம்ப நேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போங்க" என்றாள். "போய் இத அவங்ககிட்ட சொல்லுங்க."

அவளுக்கும் அந்த அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று தோன்றியதில் எனக்கு ஆறுதல். குடும்பத்தில் ஒருத்தியாவது புரிந்துகொண்டாளே. சட்டை மாற்றிக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன்.

ஆகையால் எழுதிக்கொள்ளுங்கள். சங்கிலி இருப்பது தெரிந்தே வட்டம் போட்டது நான். திரையைக் கழற்றியது நான். அவன் சாவான் என்று தெரியும், அதற்காகத்தான் செய்தேன். மெஷினில் எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடைசி வரியைத் தனியாக, கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுத முடியுமானால் நல்லது. அதன் ஒரு நகலைப் பாதுகாப்பு ஆபீஸுக்கும் அனுப்பிவிடுங்கள்.

சரி, இப்போது அந்தக் காகிதத்தைக் கொடுங்கள்.

ஆர்டர் படிவம். டைக்காரர் கம்பெனியுடையது, விசாரணையின்போது அவர்தான் கொடுத்திருக்க வேண்டும். கையெழுத்து மச்சினனுடையது, எனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு திசையில் சாயும். தேதி அந்தத் திங்கட்கிழமை. 'இதே மாடல். இதே அகலம். இன்னொன்று.' ஒப்படைக்க வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. கீழே குறிப்பு என்று இருக்கிற இடத்தில்: 'மாமாவுக்கு இப்ப தெரிய வேண்டாம். லாரியிலேர்ந்து இறக்கும்போது அவரே பாக்கட்டும். கேட் அளவு விஷயத்தில் அவரு சொன்னதுதான் சரி.'

கயிறுக்காரருக்கும் தெரியும் என்கிறீர்களா? அவர் தலைமையில் இரண்டாவது குழு ஆரம்பிக்கப் போகிறான் என்று அவரிடம் சொல்லியிருந்தானா? அப்படியென்றால் அந்த மனிதர் ஒரு வார்த்தை என் காதில் போட்டிருக்கலாம்.

நீங்கள் என் முகத்தையே பார்க்கிறீர்கள். அவனும் இதைத்தான் பார்க்க வேண்டும் என்றான்.

இல்லை சார், தண்ணீர் வேண்டாம். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால், இந்த இரண்டு வாரத்தில் இப்போதுதான் மனது லேசாக இருக்கிறது. இதை அவன் நேரில் வந்து சொல்லியிருந்தால் கிண்டல் என்று நினைத்திருப்பேன். எழுத்தில் இருப்பதால் நம்புகிறேன். 'அவரு சொன்னதுதான் சரி.' அடியில் கோடுகூடப் போட்டிருக்கிறான், பாருங்கள்.

இதற்கு ஒரு நகல் கிடைக்குமா? நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் மிச்சம் இருக்கிறது, ஒட்டிக்கொள்வேன். என் மனைவியிடமும் காட்ட வேண்டும், அவன் அப்பவே வேணாம்னான் என்று இனிமேல் அவள் சொல்ல முடியாது.

ஏன் பேனாவை மூடிவிட்டீர்கள்? இன்னும் ஒரு வரி இருக்கிறது. மச்சினன் விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் விஷயத்தில் இல்லை.